மஞ்சள் பையோடு போன தாய்மாமன்

என் தம்பி கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. வரப்பில் நின்று அவன் ஒரு குரல் கொடுத்தால் அடுத்த ஊர்க் கொல்லையில் வெட்டுகிறவர்களும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, யாரைக் கூப்பிடுகிறான் என்று பார்ப்பார்கள். மீசைக்கு வாரம் தவறாமல் மை அடிப்பான். தலைக்கு அடிப்பதில்லை; அங்கே அடிக்க ஒன்றும் இல்லை. சலவை வேட்டி இல்லாமல் டீக்கடைக்குக்கூடப் போகமாட்டான். அப்படிப்பட்ட ராசாவுக்கு ஒரு நாள் மூத்திரம் அடைத்துக்கொண்டது. அடிவயிறு கல்லாகிவிட்டது. தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் ஆட்டோக்காரர் ஹாரனே அடிக்கவில்லை. இவன் போட்ட சத்தத்திலேயே லாரிகள் ஒதுங்கி வழி விட்டன.

ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு, அதன் முனையில் ஒரு பையை மாட்டினார்கள். தேங்கியதெல்லாம் இறங்கிய பிறகு அவன் முகத்தில் வந்த நிம்மதியை அவன் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. உள்ளே ஏதோ சுரப்பி வீங்கி வழியை அடைத்திருக்கிறதாம். ஆபரேஷன் செய்யும் வரைக்கும் பை இருக்கட்டும், சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் தெரிந்தாலோ, பையில் இறங்குவது நின்றுபோனாலோ உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொன்னார்.

தூக்கிக்கொண்டு வர அவன் வீட்டில் ஆள் ஏது? பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை குட்டி இல்லை. அதனால் என் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தேன். கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து, பையைத் தலைக்கு மேலே சுவரில் இருந்த ஆணியில் மாட்டினேன். எங்கள் வீட்டில் கெட்டுப்போகக் கூடாத பொருள் எல்லாம் ஆணியில்தான் தொங்கும். ரேஷன் அட்டை, விதை வெண்டைக்காய், எல்லாம்.

மறுநாள் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற நர்ஸம்மா வந்தது. சின்னப் பெண். வாசலில் நின்றே கத்தியது.

"ஆயா! இன்னா இது, பையத் தூக்கி ஆணியில மாட்டி வச்சிருக்க?"

"தரையில வச்சா எறும்பு வரும் தாயி."

"பை மேல இருந்தா அதுல இருக்கிறது திரும்ப வவுத்துக்குத்தான் ஓடும். கிருமியும் கூடவே போவும். தண்ணி எங்கியாவது மேட்டுக்கு ஏறுமா?"

ஆயுசு முழுக்க மடை திருப்பியவளிடம் கேட்கிற கேள்வியா இது! வெட்கமாகப் போய்விட்டது. சட்டென்று எடுத்துத் தரையில் வைத்தேன்.

"தரையிலயும் படக்கூடாது ஆயா."

"மேலயும் கூடாது, கீழயும் கூடாதுன்னா நான் அத நடுவானத்துலயா வைக்கிறது?"

இடுப்புக்குக் கீழே, தரைக்கு மேலே. அவ்வளவுதான் சேதி. ஆனால் எங்கள் கட்டில் தாழ்வு. எப்படிக் கட்டினாலும் பை தரையைத் தொட்டது. கொத்தனார் மிச்சம் போட்டுவிட்டுப் போன சிமெண்டுக் கல்லைக் கட்டில் கால்களுக்கு அண்டை கொடுத்து உயர்த்தினேன். தம்பி அண்ணாந்து பார்த்தான்.

"இன்னாக்கா, கட்டில தேராட்டம் ஆக்கிட்ட?"

"ஏறி உக்காருடா. ஊர்வலம் வுடறோம்."

ஏறினான். பை அழகாகக் கட்டில் சட்டத்தில் தொங்கியது. அதற்குள் என் கோழி ஒன்று டியூபைப் புழு என்று நினைத்துக் கொத்த வந்துவிட்டது. அன்றிலிருந்து கோழிகளுக்கு வீட்டுக்குள் வர அனுமதி இல்லை. தம்பிக்கு அதில் ஒரு பெருமை. "எனக்காக கோழியவே வெளிய தள்ளிட்டா எங்க அக்கா" என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். எதற்காகத் தள்ளினேன் என்பதை மட்டும் சொல்லமாட்டான். பை இருப்பதே யாருக்கும் தெரியக் கூடாது அவனுக்கு. ஆள் வந்தால் போர்வையை இழுத்துத் தொங்கவிடுவான். "காலு சுளுக்கிக்கிச்சி" என்பான்.

நர்ஸம்மா சொல்லிக் கொடுத்ததை நான் பிடித்துக்கொண்டேன். பையைத் தொடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், தொட்ட பிறகும் கழுவ வேண்டும். பை பாதிக்குக் கொஞ்சம் மேலே ஏறியதும் அடியில் இருக்கிற மூடியைத் திறந்து, அதற்கென்றே வைத்த மக்கில் விட்டுவிட வேண்டும். மூடி வாய் மக்கில் படக்கூடாது. பிறகு துடைத்து, இறுக்கி மூட வேண்டும். டியூப் மடங்கக் கூடாது, இழுபடக் கூடாது. தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிற இடத்தில் கொஞ்சம் தொளதொளவென்று விட்டிருக்க வேண்டும்.

டியூப் உள்ளே போகிற இடத்தைத் தினமும் சோப்பும் தண்ணீருமாகக் கழுவ வேண்டும். அது அவன் வேலை. நான் குளிக்கிற படல் மறைப்புக்கு வெளியே நின்றுகொள்வேன்.

"கழுவினியாடா?"

"கழுவினேன்."

"நல்லா கழுவினியா?"

"அக்கா, ஊருக்கே கேக்குது!"

"ஊருக்கு இன்னா கேக்குது? கால் சுளுக்குக்கு சோப்புப் போடறன்னு நெனச்சிக்குவாங்க."

ஒரு நாள் உள்ளே இருந்து குரல் வந்தது. "குளிக்கிற வரைக்கும் இத கழட்டி வச்சிக்கிறனே, அப்பால மாட்டிக்கலாம்."

"கழட்டறதுக்கு அது இன்னா மூக்குக் கண்ணாடியா? கைய வச்ச, நர்ஸம்மாவ உள்ளயே அனுப்பிடுவேன்."

அதற்குப் பிறகு கழற்றுகிற பேச்சே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் என் மகள் போன் செய்தாள். அவளைக் கல்வராயன் மலையடிவாரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். பேத்திக்குக் காது குத்த அவர்கள் குலசாமி கோயிலில் நாள் வைத்துவிட்டார்கள். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எனக்கு மகன் இல்லை, மகள் ஒருத்திதான். ஆக, பேத்திக்குக் கூடப்பிறந்த தாய்மாமன் கிடையாது. அப்படி இருந்தால் தாயின் தாய்மாமன் மடி கொடுப்பான். அதாவது என் தம்பி. என் மகளுக்குக் காது குத்தியதும் அவன் மடியில்தான்.

"நான் வரல" என்றான்.

"ஏண்டா?"

"மடியில புள்ளைய வச்சா காலால ஒதைக்கும். டியூப்ப இழுக்கும். பை வெளிய தெரியும். அம்மாம் ஜனத்துல நான் பையும் கையுமா உக்காந்திருக்கணுமா? நாலு பேரு சிரிப்பானுங்க."

"உன் மீசையப் பாத்துக்கூடத்தான் சிரிக்கிறானுங்க. அதுக்காக செரச்சிக்கினியா?"

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மகள் மறுபடியும் போன் போட்டு அழுதாள். "மாமா மடி இல்லன்னா என் புள்ளைக்கு காதே குத்த வேணாம்" என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அவன் காதுக்குப் பக்கத்தில் வைத்தேன். முகம் மட்டும் சுவரைப் பார்த்தபடி இருந்தது. காது இங்கேதான் இருந்தது.

அவன் வீட்டைப் பெருக்கப் போனபோது பெட்டியில் ஒரு சின்ன டப்பாவைப் பார்த்தேன். உள்ளே ரோஸ் காகிதத்தில் சுற்றிய குட்டிக் கம்மல். பேத்தி பிறந்தபோதே வாங்கி வைத்திருக்கிறான். வீட்டுக்கு வந்து நான் ஒன்றும் கேட்கவில்லை. டப்பாவை அவன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டேன்.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான்.

"அக்கா, சட்ட வேட்டிய சலவைக்குப் போடு."

அவன் வருகிறேன் என்று சொன்னது அப்படித்தான்.

ஆனால் அடுத்த நாளே பையைப் பார்த்தால் வரக்காப்பி நிறம். இளநீர் மாதிரி இருந்தது எப்படி இப்படி ஆனது? கவனித்துப் பார்த்தேன். செம்பில் வைத்த தண்ணீர் வைத்தபடியே இருந்தது. தண்ணீர் குடிக்காவிட்டால் பை நிரம்பாது, பை நிரம்பாவிட்டால் காது குத்தில் யாருக்கும் தெரியாது. மேஸ்திரி போட்ட கணக்கு. நர்ஸம்மா வந்து அவனைப் பிடித்துக்கொண்டது.

"ஐயா, தண்ணி கம்மியா குடிச்சா கிருமி ஜாஸ்தி ஆவும். காய்ச்சல் வந்துட்டா பெட்டுல சேத்துடுவாங்க. உங்களுக்கு தண்ணி குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் ஒன்னும் சொல்லலியே?"

"சொல்லல."

"அப்ப குடிங்க."

நர்ஸம்மா போனதும் நான் மீதியைச் சொன்னேன். "குடிக்காதடா. ஆஸ்பத்திரியில படுத்துக்கினு போன்ல காது குத்து பாரு. மடிக்கு வேற ஆளாப் பாக்குறோம். நம்ம பெரியப்பா மவன் ஒருத்தன் இருக்கான், அவனுக்கும் மீசை இருக்குது."

செம்பைத் தூக்கி மடமடவென்று குடித்தான். குடித்துவிட்டு என்னைப் பார்த்து முறைத்தான். அதற்குப் பிறகு மோர், கூழ், தர்பூசணி என்று எது கொடுத்தாலும் போனது. பை மறுபடியும் இளநீரானது.

அடுத்து ஒத்திகை பார்க்க வேண்டும். கொல்லையில் காய்த்த பரங்கிக்காய் ஒன்று பேத்தி எடைக்கு இருந்தது. தம்பியைப் பலகை போட்டுத் தரையில் சம்மணம் போட வைத்து, பரங்கிக்காயைத் துண்டில் சுற்றி மடியில் கொடுத்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, பையை வைக்க அவனுக்குக் கீழே இடமே இல்லை. தரையைத் தோண்டினால்தான் உண்டு. எழுப்பிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். இடது தொடையில் டியூப், வலது தொடையில் பரங்கிக்காய். பையை ஒரு மஞ்சள் துணிப்பைக்குள் விட்டு, நாற்காலிக் கைக்கு அடியில் தொங்கவிட்டேன். தரைக்கும் பைக்கும் நடுவில் ஒரு கோழி போகலாம். டியூப் மடங்கவில்லை. பரங்கிக்காயை நான் ஆட்டிப் பார்த்தேன், உலுக்கிப் பார்த்தேன். ஒன்றும் இழுபடவில்லை.

எதிர்வீட்டுக்காரி தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்த்தாள். "இன்னாக்கா, மேஸ்திரி பரங்கிக்காய்க்கு தாலாட்டு பாடிக்கினு இருக்காரு?"

"காது குத்தப் போறோம். நீயும் வந்துடு."

காது குத்துக்குப் போகக் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி பேசியிருந்தோம். பின்னால் பாயில் உட்கார்ந்தால் பைக்குக் கீழே இடம் இருக்காது என்பதால் தம்பியை முன்சீட்டில் ஏற்றினேன். கிளம்புவதற்கு முன்னால் பையைக் காலி செய்து, கை கழுவி, மஞ்சள் பைக்குள் தொங்கவிட்டு, மேலே துண்டு போட்டு மறைத்தேன். சலவை வேட்டி, மை போட்ட மீசை, சட்டைப் பையில் கம்மல் டப்பா. மாப்பிள்ளை மாதிரி இருந்தான். எனக்கே திருஷ்டி பட்டுவிடும் போல் இருந்தது.

மலையடிவாரத்தில் புளியமரத்துக்குக் கீழே கோயில். நாங்கள் இறங்கியதும் சம்மந்தி, அதாவது என் மகளுக்கு மாமனார், கும்பிட்டுக்கொண்டே ஓடி வந்தார். நல்ல மனுஷன். நல்ல மனுஷனாக இருந்ததுதான் வினை. எங்கள் பக்கத்தில் விருந்தாளி வந்தால் முதல் மரியாதை, அவர் கையில் இருக்கும் பையை வாங்கிக்கொள்வது.

"வாங்க வாங்க! பையக் குடுங்க சம்மந்தி."

"இருக்கட்டுங்க."

"அட, தாய்மாமன் பை தூக்கிக்கினு நிக்கறதா? குடுங்க!"

"பரவால்லீங்க."

"எங்களுக்கு மரியாதை தெரியாதுன்னு நெனச்சிக்கினீங்களா?"

கேட்டுக்கொண்டே மஞ்சள் பையைப் பிடுங்கிவிட்டார். பிடுங்கியவர் பக்கத்தில் இருந்த கிளையில் மாட்டக் கையைத் தூக்கினார். டியூப் விறைத்தது. பால்மாட்டுக்குப் பின்னால் போகும் கன்று மாதிரி என் தம்பி அவர் பின்னாலேயே குனிந்து நடந்தான். எனக்குப் பயம் வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சம்மந்தி! கைய எறக்குங்க!" என்று பாய்ந்தேன். "அதுல எங்க கொலசாமி விபூதி இருக்குது. தாய்மாமன் இடுப்புக்கு மேல போவக்கூடாது, தரையிலயும் படக்கூடாது. காது குத்தி முடியற வரைக்கும் அவன் கையிலயேதான் இருக்கணும். எங்க வழக்கம்."

சம்மந்தி பதறிப்போய்ப் பையை அவன் கையில் கொடுத்தார். கொடுத்ததோடு விட்டாரா? மஞ்சள் பையைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். தம்பி என்னைப் பார்த்தான். நான் புளியமரத்தைப் பார்த்தேன்.

ஓரமாகக் கூட்டிப்போய்ப் பார்த்தேன். பிளாஸ்திரி பிடித்தபடியே இருந்தது, டியூப் நகரவில்லை, வலியும் இல்லை என்றான். "வா போயிடலாம்க்கா" என்றும் சொன்னான். அதற்குள் மகள் மொட்டை அடித்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சந்தனம் பூசிய மண்டை. இவனைப் பார்த்ததும் அந்தக் குட்டி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவியது. அதற்கு மேல் எங்கே போவது?

வண்டியில் ஏற்றி வந்த நாற்காலியைக் கொண்டுபோய்க் காது குத்துகிற ஆசாரிக்கு எதிரில் போட்டேன். சம்மந்தியம்மா, மகளின் மாமியார், மோவாயில் கை வைத்தாள்.

"நாற்காலியிலயா? எங்க வூட்டு வழக்கத்துல தாய்மாமன் மணையிலதான் உக்காரணும்."

"அப்படியா? மணையக் குடுங்க" என்று வாங்கினேன். வாங்கி, நாற்காலி மேலே போட்டேன். "உக்காருடா தம்பி."

"இன்னாங்க இது?"

"மணையிலதான உக்காந்திருக்கான்? மணைய எங்க போடணும்னும் உங்க வழக்கத்துல இருக்குதா?"

சம்மந்தியம்மா யோசித்தாள். இருந்ததாகத் தெரியவில்லை. கூட்டத்தில் யாரோ, "தாய்மாமன்னா ஒசரத்துலதான் உக்காரணும், வுடு தாயி" என்றார்கள். நான் மஞ்சள் பையை நாற்காலிக் கைக்கு அடியில் தொங்கவிட்டு, டியூப் மடங்காமல் வேட்டி ஓரமாக இழுத்து மறைத்து, குழந்தையை வலது தொடையில் உட்கார வைத்தேன். பரங்கிக்காய் உட்கார்ந்த அதே இடம். பரங்கிக்காய்க்குக் கால் இல்லை, இதற்கு இருந்தது. மகள் குனிந்து இரண்டு காலையும் தன் கைக்குள் பிடித்துக்கொண்டாள்.

ஆசாரி சாமியைக் கும்பிட்டு ஊசியை எடுத்தார். தம்பி குழந்தையின் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்தான். இடது காது. குழந்தை ஒரு நொடி சத்தமே போடவில்லை. பிறகு போட்டது பாருங்கள், மேஸ்திரி வீட்டு ரத்தம் என்று ஊருக்கே தெரிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். வெல்லத்தை வாயில் வைத்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் தம்பியின் முகம் வெளுத்தது. குனிந்து மடியைப் பார்த்தான். சலவை வேட்டியில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

"அக்கா! மூத்திரப் பை புட்டுக்கிச்சி!"

கரும்புக் கொல்லைக் குரல். குலவை நின்றது. ஆசாரி ஊசியோடு நின்றார். இத்தனை நாள் போர்வை போட்டு மறைத்ததை அவனே மலையடிவாரம் முழுக்கச் சொல்லிவிட்டான்.

நான் மஞ்சள் பையை விலக்கிப் பார்த்தேன். பை முழுசாக இருந்தது. மூடி இறுக்கமாக இருந்தது. டியூப் சேருகிற இடமும் காய்ந்தே இருந்தது. பிறகு கையை நீட்டிக் குழந்தையின் பாவாடைக்கு அடியில் தொட்டேன். சூடாக, சொட்டச் சொட்ட.

"டேய்" என்றேன். "உன்னுது பைக்குள்ள பத்திரமா இருக்குது. இது உன் பேத்தியுது."

கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. மகள் குழந்தையின் காலை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சம்மந்தி மட்டும் சிரிக்கவில்லை. மஞ்சள் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நான் கண்ணுல ஒத்திக்கினது?"

"வெளிப் பைதானே சம்மந்தி. நேத்து துவச்சதுதான். இருந்தாலும் போயி சோப்புப் போட்டுக் கழுவிக்கினு வந்துடுங்க."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமலே வந்தது. தம்பி மட்டும் தலை குனிந்திருந்தான். அப்போது பந்தலின் ஓரத்தில் இருந்து சம்மந்தியின் அண்ணன், குச்சி ஊன்றிய பெரியவர், மெதுவாக வந்து பையை எட்டிப் பார்த்தார்.

"இதுக்கா இம்மாம் கூச்சம்? எனக்கும் ஆபரேஷனுக்கு முன்ன மாட்டி வுட்டாங்க. அதோடதான் சின்னசேலத்துல ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில ரெண்டு தரம் பாயசம் வாங்கி சாப்ட்டேன். ஒருத்தனுக்கும் தெரியாது."

"பெரியப்பா, எங்களுக்கே தெரியாது!" என்றார் என் மருமகன்.

"நீ எங்க பாத்த? நீ பாயசத்தப் பாத்துக்கினு இருந்த."

தம்பியின் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். மீசை மை வேர்வையில் கரைந்து கன்னத்துக்கு வந்திருந்தது.

"வேட்டி மாத்திக்கினு வாங்க மாமா, அது வரைக்கும் புள்ளைய நான் வச்சிக்கிறேன்" என்று மகள் கையை நீட்டினாள்.

அவன் குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கினான்.

"ஈரம் கெடக்குது வுடு. இன்னொரு காது இருக்குதில்ல? புள்ளைய எறக்கினா திரும்ப ஏறாது. ஆசாரி, குத்துங்க."

ஆசாரி வலது காதுக்கு வந்து உட்கார்ந்தார். மகள் மறுபடியும் காலைப் பிடித்தாள். நான் பைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு டியூப் மேல் கண் வைத்தேன். கை கழுவப் போன சம்மந்தி திரும்பி வந்தார். மரியாதை தெரிந்த மனுஷன் சும்மா நிற்பாரா? தோளில் இருந்த துண்டை எடுத்து, தாய்மாமன் மடி காயட்டும் என்று பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டே இருந்தார், இரண்டாவது கம்மலும் ஏறும் வரைக்கும்.